வலியும் வாட்டமும் உணர்ச்சிக் கல்வியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பள்ளியும் புத்தகமும் தேர்வும் வேலையுமே. அவற்றை நம் பிள்ளைகட்குப் பெற்றுத் தரவேண்டும் என்ற வேட்கையினாலேயே இச்சங்கம் தோன்றியது. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கல்வி வேறு வகையினது. இதில் தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை. இதன் மாணவர்கள் நோயாளிகள். இதன் பாடம் அவர்தம் உள்ளத்து உணர்ச்சிகள். மனச்சோர்வாலும் நாட்பட்ட வலியாலும் துன்புறுவோரைக் குழுவாக அமரவைத்து உணர்ச்சிகளைப் பற்றிக் கற்பிக்கும் இம்முறை, மருத்துவ உலகில் வேரூன்றி வருகின்றது. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுகளைக் கழித்த நமக்கு இச்செய்தி பெருவியப்பையும் பெருமகிழ்வையும் ஒருங்கே அளித்தது. கேட்கும் உங்களுக்கும் அவ்வாறே ஆகும் என நம்புகின்றோம்.

வலி பொய்யன்று

முதற்கண் நோயை அறிவோம். மூன்று திங்களுக்கு மேலாக நீடிக்கும் வலியையோ, மீண்டும் மீண்டும் வரும் வலியையோ நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். மனச்சோர்வு என்பது ஒரு நாள் துயரமன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும் உள்ளம் வாடிக் கிடத்தல், விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அறுதல், உறக்கமும் பசியும் கெடுதல், காரணமின்றிக் களைத்தல், தன்னையே குற்றவாளியாக எண்ணல், சாவைப் பற்றிய நினைவு தோன்றல் ஆகியவை அதன் அடையாளங்களாம். 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் இந்நோயால் வருந்தினர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. இவ்விரு நோய்களும் பலரிடத்தில் இணைபிரியாமல் வாழ்கின்றன. நாட்பட்ட வலி மனத்தை வாட்டுகின்றது. வாடிய மனம் வலியைப் பெருக்குகின்றது.

நம் தெருக்களில் இத்தகையோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்து குனிந்து இடுப்பு ஓய்ந்த தாய்மார்கள் உண்டு. மூட்டை சுமந்தும் செங்கல் அடுக்கியும் கழுத்தும் தோளும் கடுத்துப்போன பெரியவர்கள் உண்டு. தைலம் தேய்த்தார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், கடன் வாங்கிப் படமெடுத்தும் பார்த்தார்கள். இறுதியில் "உனக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு வீடு திரும்பினார்கள். வீட்டிலுள்ளோரும் "வேலைக்கு அஞ்சி நடிக்கின்றார்" என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வலியினும் கொடியது இச்சொல்லன்றோ!

அறிவியல் இவ்வாறு கூறவில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் ஆய்வாளர் இருவர் வலியைப் பற்றிப் புதிய கருத்தொன்றை வெளியிட்டனர். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கின்றது. அவ்வாயில் அகலத் திறப்பதும் சிறிதே திறப்பதும் மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளையும் பொறுத்தது என்பது அக்கருத்தின் சாரம். அச்சமும் கவலையும் வாயிலை அகலத் திறக்கக்கூடும். அமைதியும் நம்பிக்கையும் அதனை ஒடுக்கக்கூடும். பின்னர் வந்த ஆய்வுகள் இக்கருத்தின் நுணுக்கங்களைத் திருத்தின. ஆயினும் மனமும் வலியைத் தீர்மானிக்கின்றது என்ற அடிப்படை நிலைத்தது. 1979இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் வலிக்கு இலக்கணம் வகுத்தபோது, அதனைப் புலனுணர்வு மட்டுமன்று, உணர்ச்சியும் சேர்ந்த பட்டறிவு என்றே வரையறுத்தது. எனவே உணர்ச்சியால் மிகும் வலி பொய்வலி ஆகாது. அதுவும் மெய்வலியே. இவ்வொன்றை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் இவ்வுரை பயனுடையதாகும்.

வகுப்பறையில் பிறந்த மருத்துவம்

நோயாளிகளைக் குழுவாக அமர்த்திக் கற்பிக்கும் முறை எங்குத் தோன்றியது? அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் 1905இல் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், காசநோயுற்ற ஏழைகளுக்காக வாரந்தோறும் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். மலைப்புறத்துச் சிகிச்சை நிலையங்களுக்குச் செல்லப் பொருளற்றவர்கள் அவர்கள். அவர் அக்கூட்டத்திற்கு இட்ட பெயர் "வகுப்பு" என்பதே. ஒவ்வொருவரும் தத்தம் ஓய்வையும் உணவையும் உடல்வெப்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும்; மருத்துவர் அதனைப் பார்த்துப் பேசுவார். அறிவுரை கூறவே அவர் வகுப்பை அமைத்தார். ஆனால் அவர் எதிர்பாராத நன்மையொன்று விளைந்தது. தேறிவரும் ஒருவரைக் கண்டு சோர்ந்த மற்றவர் ஊக்கம் பெற்றார். பல இனத்தவரும் பல சமயத்தவருமாகிய அவர்களை ஒரே நோய் என்னும் கயிறு பிணைத்தது.

1930இல் அதே மருத்துவர் மற்றொரு வகுப்பைத் தொடங்கினார். உடம்பில் நோய்க்கூறு ஒன்றும் காணப்படாமலே வலியும் களைப்பும் கொண்டு மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தோர்க்கென அமைந்தது அது. "ஒன்றுமில்லை, போ" என்று விரட்டப்பட வேண்டியவர்கள் அல்லர் அவர்கள், கற்பிக்கப்பட வேண்டியவர்கள் என அவர் கண்டார். இன்றைய குழுக் கல்விக்கு வித்திட்டோருள் அவர் ஒருவர் எனின் மிகையாகாது.

உணர்ச்சிப் பள்ளி

இனி நம் உரையின் நடுப்பொருளுக்கு வருவோம். சுவீடன் நாட்டில் "உணர்ச்சிப் பள்ளி" என்று பொருள்படும் பெயருடைய சிகிச்சைமுறை ஒன்று உருவாயிற்று. அதற்கு அடிப்படை அமைத்தவர் சில்வன் டாம்கின்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் (1911–1991). தம் கொள்கையை விளக்கும் பெருநூலின் முதற்பகுதியை அவர் 1962இல் வெளியிட்டார். மனிதன் பிறக்கும்போதே சில அடிப்படை உணர்ச்சிகளோடு பிறக்கின்றான். ஒவ்வொன்றும் முகத்திலும் குரலிலும் மூச்சிலும் தசையிலும் தனக்கேயுரிய அடையாளத்துடன் வெளிப்படும் என்பது அவர் கொள்கை. ஆர்வம், மகிழ்ச்சி, வியப்பு, துயரம், சினம், அச்சம், நாணம், சுவையில் பிறக்கும் அருவருப்பு, முகர்வில் பிறக்கும் அருவருப்பு என ஒன்பதாக அவற்றை அவர் எண்ணினார்.

பிறக்கும்போதே உள்ளவையாயின் கற்பிப்பானேன் என நீங்கள் வினவலாம். உணர்ச்சி பிறப்பில் வருவது. அதற்குரிய சொல்லும் அதனைக் கையாளும் வழியும் வளர்ப்பில் வருவன. "அழாதே", "எதிர்த்துப் பேசாதே", "வாயை மூடு" என்றே கேட்டு வளர்ந்தவன், தன்னுள் எழுவது அச்சமா, சினமா, துயரமா என்று பிரித்தறிய இயலாதவன் ஆகின்றான். அவனைக் கேட்டால் "தலை வலிக்கிறது", "நெஞ்சு அடைக்கிறது", "உடம்பு முடியவில்லை" என்பான். உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத இந்நிலைக்கு 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்னும் மருத்துவர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு "அலெக்சிதைமியா" எனப் பெயரிட்டார். உணர்வுக்குச் சொல்லின்மை என்பது அதன் பொருள். நாட்பட்ட வலியுடையோர் பலரிடத்தில் இந்நிலை காணப்படுகின்றது.

உணர்ச்சிப் பள்ளி இக்குறையை நிரப்ப முயல்கின்றது. வாரம் ஒரு கூட்டமாக எட்டு வாரங்கள் அது நடைபெறும். சிறு குழுவே கூடும். நடத்துவோர் பயிற்சி பெற்றவர். முதலில் பாடம் நடைபெறும். எடுத்துக்காட்டாக அச்சத்தைப் பற்றிய பாடம் எனின், அச்சம் எதற்காக உயிர்களுக்கு அமைந்தது, அது எழும்போது உடம்பில் எவை மாறும் என்பவை விளக்கப்படும். பின்னர் உறுப்பினர் தத்தம் வாழ்வில் அவ்வுணர்ச்சியை எவ்வாறு அறிந்தனர் என்பதைப் பகிர்ந்துகொள்வர். "எனக்கு அச்சம் வயிற்றில் பிடிக்கும்" என்பார் ஒருவர். "எனக்குத் தோள்கள் இறுகும்; அன்றிரவு கழுத்துவலி வரும்" என்பார் மற்றொருவர். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் தம் வலியையும் புதிய கண்ணோடு நோக்கத் தொடங்குவார். பேசுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. ஒருவர் கூறியதை வெளியே கொண்டு செல்லலாகாது. ஒருவர் அழுதால் அவரை அடக்கலாகாது. இவையே இத்தகைய குழுக்களின் பொதுவான ஒழுக்கம்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் சுவீடனின் வலி மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் நாட்பட்ட வலியுடைய 59 பேருக்கு இம்முறை அளிக்கப்பட்டது. எட்டுக் குழுக் கூட்டங்களும், அவற்றோடு தனியே அமர்ந்து பேசும் பத்துச் சந்திப்புகளும் நடைபெற்றன. 54 பேர் இறுதிவரை வந்தனர். நோயால் தளர்ந்தவர்கள் இடைநிற்றலின்றி இத்துணை பேர் வந்தது பள்ளி ஆசிரியனாகிய எவனையும் வியக்கச் செய்யும். முடிவில், உணர்ச்சியை இனங்காண்பதிலும் அதனைச் சொல்லால் உரைப்பதிலும் அவர்கட்கிருந்த இடர்ப்பாடு தெளிவாகக் குறைந்திருந்தது. மனச்சோர்வு ஓரளவு தணிந்தது. பிறரோடு பழகும் முறையிலும் முன்னேற்றம் கண்டதாக அவர்களே கூறினர். இது சிறிய தொடக்க முயற்சியே. ஒப்பிட்டு நோக்க வேறு குழு ஒன்றும் அதில் இல்லை. வலியே மறைந்துவிட்டது என்று அவ்வாய்வாளர் கூறவுமில்லை. வலியோடு வாழும் மனிதர் மாறினர் என்பதே அதன் செய்தி. அதுவும் சிறிதன்று.

மெய்ப்பாடு என்னும் நம் சொல்

இவற்றைப் படிக்கும்போது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நம் நினைவுக்கு வராமல் இராது. உள்ளத்து நிகழ்வது உடம்பில் புலப்படுதலே மெய்ப்பாடு. அவர் கூறிய மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் சிரிப்பும் உவகையும் பெருமிதமும் உண்டு, அழுகையும் அச்சமும் வெகுளியும் மருட்கையும் உண்டு, இளிவரலும் உண்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றார். அழுகைக்கு அவர் காட்டும் நான்கனுள் வறுமையும் ஒன்று. பிறர் தன்னை இகழ்வதால் வரும் இளிவும் ஒன்று. இளிவரலுக்குக் காட்டும் நான்கனுள் மூப்பும் பிணியும் வருத்தமும் அடங்கும். அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணமே, மருத்துவ நூலன்று. ஆயினும் நோயும் வறுமையும் இகழ்ச்சியும் மனிதனின் உள்ளத்தைத் தாக்கி உடம்பில் வெளிப்படும் என்பதை அப்பழைய நூல் அறிந்திருந்தது. நம் பேச்சு மொழியும் இதனை அறியும். "வயிறு எரிகிறது", "நெஞ்சு கனக்கிறது", "மனம் நொந்துவிட்டது" என்று நம் அன்னையர் கூறுவதைக் கேளுங்கள். சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் காதுகொடுத்துக் கேட்பாரே குறைவு.

நாணமும் சினமும்

ஒன்பது உணர்ச்சிகளுள் நம் இளைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது நாணம். ஆர்வமோ மகிழ்ச்சியோ பெருகி வரும்போது திடீரெனத் தடைப்பட்டால் எழுவது நாணம் என்று டாம்கின்ஸ் விளக்கினார். தலை கவிழும், கண் தாழும், கழுத்துத் தளரும். வகுப்பில் ஆவலோடு கைதூக்கிய சிறுவனைப் பிறர் எள்ளி நகையாடும்போது அவன் தலை எவ்வாறு தாழ்கின்றது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஒருமுறை தாழ்ந்த தலை நிமிர்ந்துவிடும். நாள்தோறும், தலைமுறைதோறும் தாழ்த்தப்பட்ட தலை என்னாகும்? பிறர் செய்த கொடுமையைத் தன் குறையென்றே அம்மனிதன் நம்பத் தொடங்குவான். செய்தவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில் பட்டவன் வெட்கப்படுகின்றான். அவ்வெட்கமே வாட்டமாகவும், உறக்கமின்மையாகவும், தீராத உடல்வலியாகவும் உருக்கொள்ளக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திக் கூற விழைகின்றோம். உணர்ச்சிக் கல்வி என்பது ஏழையை அமைதிப்படுத்தி அனுப்பும் தாலாட்டு ஆகிவிடக்கூடாது. கூலி மறுக்கப்பட்டவனுக்கு எழும் சினம் நோயன்று. இழிவுபடுத்தப்பட்டவளுக்கு எழும் வெகுளி மருந்தால் தீர்க்கத்தக்கதன்று. சினத்திற்கு முறையீடும் சட்டமும் ஒற்றுமையுமே விடை. அங்ஙனமாயின் உணர்ச்சிக் கல்வியால் பயன் யாது? எது நோய், எது நியாயமான சினம் என்று பிரித்தறியும் தெளிவே அதன் பயன். பெயரறியாத சினம் மதுக்கடையை நாடுகின்றது. மனைவி மக்கள்மீது பாய்கின்றது. அல்லது தன்னுயிரையே மாய்த்துக்கொள்ளத் தூண்டுகின்றது. பெயரறிந்த சினமோ மனு எழுதுகின்றது; சான்று திரட்டுகின்றது; நிமிர்ந்து நின்று பேசுகின்றது.

ஏழை நாட்டில் நிகழ்ந்த வெற்றி

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கே ஆகும் என எண்ணற்க. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், எய்ட்ஸ் நோயால் பெரும் இழப்புகளைக் கண்ட தென்மேற்குப் பகுதியில், 30 சிற்றூர்களில் ஒரு சோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2003இல் வெளியாயிற்று. மனச்சோர்வுற்றோர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடினர். பதினாறு வாரங்கள் கூடினர். நடத்தியோர் மனநல மருத்துவர் அல்லர். இரண்டு வாரங்கள் பயிற்சி பெற்ற அப்பகுதி மக்களே. ஆடவர்க்கு ஆடவரும் பெண்டிர்க்குப் பெண்டிரும் நடத்தினர். அம்மக்கள் தம் மொழியில் மனச்சோர்வுக்கு வழங்கிய சொற்களைக் கொண்டே நோய் அறியப்பட்டது. இழப்பு, உறவில் பூசல், வாழ்க்கை மாற்றம் ஆகியவை தம் மனத்தை எவ்வாறு தாக்கின என்பதைப் பேசி, வழி தேடினர்.

விளைவு யாது? கூட்டம் நடைபெற்ற ஊர்களில் தொடக்கத்தில் நூற்றுக்கு 86 பேர் கடும் மனச்சோர்வின் இலக்கணத்திற்குப் பொருந்தினர். முடிவில் நூற்றுக்கு 6.5 என்ற அளவுக்குக் குறைந்தனர். கூட்டம் நடைபெறாத ஊர்களில் 94 என்பது 54.7 ஆகவே குறைந்தது. காலம் சிலரைத் தானே தேற்றும். கூடிக் கற்றல் மிகப் பலரைத் தேற்றும் என்பதற்கு இவ்வெண்களே சான்று. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையைப் பின்பற்றக் கையேடு ஒன்றையும் வெளியிட்டது.

நாம் செய்யத்தக்கவை

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, வலியைக் கண்டவுடன் "மனத்தின் கோளாறு" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், உடல் எடை குறைதல், கை கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை வலியோடு வருமாயின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். குழுக் கல்வி மருத்துவத்திற்குத் துணையேயன்றி மாற்றன்று. மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்துதலும் தகாது.

இரண்டாவது, நம் உரிமையை அறிதல் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் வழங்குகின்றது. சாதி, சமயம், பால், வகுப்பு ஆகியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்பதையும் அச்சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் முதியவர் ஒருவரோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று, வரிசையில் நின்று, அவர் சொல்லத் தயங்குவதை எடுத்துச் சொல்வானாயின், அதுவே பெருந்தொண்டாகும்.

மூன்றாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அதனை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை நம் படிப்பகத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

நான்காவது, கேட்கப் பழகுங்கள். மனநல மருத்துவத் துறையினர் முன்வருவார்களாயின், அவர்தம் வழிகாட்டுதலில் நம் சங்கக் கட்டடத்திலேயே இத்தகைய குழுக் கூட்டத்தை நடத்தலாம். பயிற்சியின்றி நாமே சிகிச்சையாளர் ஆகிவிடலாகாது. ஆனால் ஒருவர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்பதற்கும், "நீ சொல்லும் வலியை நான் நம்புகின்றேன்" என்று கூறுவதற்கும் எப்பட்டமும் வேண்டுவதில்லை. வீட்டில் அழும் ஆண்பிள்ளையை "ஆம்பிளை அழலாமா" என்று அதட்டாதிருப்பதற்கும் பட்டம் வேண்டுவதில்லை.

அன்பர்களே! இச்சங்கம் தோன்றியபோது கையொப்பமிட அறியாத பெற்றோர் பலர் நம்மிடையே இருந்தனர். தம் பெயரைத் தாமே எழுதக் கற்ற நாளில் அவர்கள் அடைந்த நிமிர்வை மூத்தோர் அறிவர். தன் பெயரை எழுதக் கற்பது கல்வியின் முதற்படி. தன் உள்ளத்து நிகழ்வுக்குப் பெயரிடக் கற்பதும் அத்தகையதொரு படியே. அச்சத்தை அச்சம் என்றும், துயரத்தைத் துயரம் என்றும், பிறர் நம்மீது ஏற்றிய நாணத்தை நமதன்று என்றும் அறிந்துரைக்கும் தலைமுறை உருவாகட்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் ஆற்றும் பணிகளுள் இதுவும் ஒன்றாக அமைதல் வேண்டும் என விழைகின்றோம்.